மண்ணக்காவின் சண்டைக் கையுறை

மண்ணக்கா சண்டை போடுவதற்கு முன்னால் கையுறை மாட்டிக்கொள்வார். ஏதோ குத்துச்சண்டைக்காரி போல என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நகரப் பணிமனையில் இரண்டாம் நிலை மண்காரி, நாற்பத்தொன்பது வயது, இரண்டு முழங்காலிலும் வலி. கையுறை எதிராளியின் நன்மைக்காக அல்ல, வீட்டின் நன்மைக்காக.

மண்காரர் சொல்வதை மண் கேட்கும். வெறும் தோல் மண்ணில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் உடனே செய்யாது. சரியாக மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். திங்கள் காலை பத்தேகாலுக்கு ஒரு பள்ளத்தில் கை வைத்து 'மூடிக்கோ' என்றால், வியாழன் காலை பத்தேகாலுக்குப் பள்ளம் மூடிக்கொள்ளும். நடுவில் சொன்னவர் மனம் மாறினாலும் மூடிக்கொள்ளும். வேலையை விட்டுவிட்டாலும், செத்தே போனாலும் மூடிக்கொள்ளும். சொன்னதைத் திரும்ப வாங்க வழியே கிடையாது. வேண்டுமானால் இன்னொரு கட்டளை போடலாம்; அது அன்றிலிருந்து மூன்று நாள் கழித்து வந்து சேரும். ஓர் அரசு அலுவலகத்துக்கு இருக்க வேண்டிய எல்லாக் குணமும் மண்ணுக்கு உண்டு, ஒன்றைத் தவிர: மண் கடைசியில் வேலையை முடித்துவிடும்.

சுட்ட மண்ணுக்குக் காது கேட்காது. அதனால் வசதியுள்ளவர்கள் சூளைச் செங்கல்லில் வீடு கட்டிக்கொண்டு நிம்மதியாகச் சண்டை போடுகிறார்கள். மண்ணக்காவின் மாமனார் தம் காலத்தில் கட்டிவைத்துவிட்டுப் போன வீடு பச்சைச் செங்கல் வீடு. சுவர் முழுக்கக் காது. ஆகவே மண்ணக்கா வீட்டுக்குள்ளும் செருப்போடு நடப்பார், சுவரில் சாய மாட்டார், கோபம் வந்தால் அலமாரி இழுப்பறையைத் திறந்து தடித்த பழுப்புத் துணிக் கையுறையை எடுப்பார். இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டதுமே வீட்டில் இருப்பவர்கள் அவரவர் மனசாட்சியைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த வீட்டின் நடுவில் ஒரு சுவர் எழுப்பி, ஆளுக்குப் பாதியாக அண்ணனும் தம்பியும் குடியிருந்தார்கள். அண்ணன், அதாவது மண்ணக்காவின் வீட்டுக்காரர், நீர்க்காரர். நீர் மண்ணுக்கு நேர் எதிர். சொன்னால் அந்த நிமிடமே வரும். ஆனால் ஒரு மணி நேரம் ஆனதும் எங்கிருந்து வந்ததோ அங்கேயே திரும்பிப் போய்விடும். அவர் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்தார். பற்றி எரியும் கிடங்கை அரை நிமிடத்தில் அணைத்துவிடுவார். மற்றவர்கள் அந்த ஒரு மணி நேரத்துக்குள் கங்கைக் கிளறி மண் போட்டு மூடியாக வேண்டும், இல்லாவிட்டால் நீர் கிளம்பிப் போன பின் கிடங்கு விட்ட இடத்திலிருந்து எரியும். கல்யாணமான புதிதில், அவர் கைச்சொடுக்கில் வரவழைத்த தண்ணீரில் மண்ணக்கா ஒரு தடவை தேநீர் போட்டு, வந்திருந்த விருந்தாளிகள் நான்கு பேருக்கும் கொடுத்துவிட்டார். சரியாக ஒரு மணி நேரம் கழித்து அந்தத் தண்ணீர் தன் ஊரணிக்குத் திரும்பப் புறப்பட்டது. எந்த வழியாகப் புறப்பட்டது என்பதை இங்கே விவரிப்பதற்கில்லை. அந்த நான்கு பேரும் அதற்குப் பிறகு வரவில்லை.

ஐம்பூதங்களில் ஒருவர் கையாளும் பூதத்துக்கும் அவருடைய குணத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று பூதவியல் அறிஞர்கள் அறுதியிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அறிஞர்கள் யாரும் ஒரு நீர்க்காரரோடு இருபத்து மூன்று வருடம் குடித்தனம் நடத்தவில்லை. மண்ணக்காவின் வீட்டுக்காரர் எதைச் சொன்னாலும் "இதோ" என்று அக்கணமே எழுந்து செய்வார். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், துவைத்து மடித்து அலமாரியில் வைத்த சீருடை மறுபடி நாற்காலியில் குவிந்திருக்கும்.

நாற்காலி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மண்ணக்காவின் பாதியில் மொத்தம் மூன்று நாற்காலி. ஒன்றில் வீட்டுக்காரர். இன்னொன்றில் அவர் சீருடை. மூன்றாவதில் கொழுந்தன். நாள் முழுக்க ரோட்டோரம் குந்தி உட்கார்ந்து பள்ளத்தோடு பேசிவிட்டு வரும் மண்ணக்கா, அடுக்களை மேடைக்கு முன்னால் நின்றபடியே சாப்பிடுவார். 'உட்காரேன்' என்று எல்லாரும் சொல்வார்கள். எந்திரிக்கத்தான் யாரும் மாட்டார்கள்.

கொழுந்தன் காற்றுக்காரர். தெருவில் அவருக்கு விசிறி என்று பெயர். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நானூறு படுக்கை விரிப்புகளைக் காற்று விட்டு உலர்த்துவது அவர் வேலை. காற்றுக்கு ஒரே ஒரு நிபந்தனை: விடுகிறவர் வாய் மூடியிருக்க வேண்டும். 'ம்' என்று முனகினால்கூட நின்றுவிடும். ஆகவே விசிறி நாளெல்லாம் ஊமையாக நிற்பார். எட்டு மணி நேரமாகச் சேர்ந்த பேச்சையெல்லாம் தூக்கிக்கொண்டு சாயங்காலம் நேராக அண்ணன் வீட்டுக்கு வந்து, அந்த மூன்றாவது நாற்காலியில் உட்காருவார். தன் வீட்டில் பேச முடியாது. அங்கே அவர் மனைவி இருக்கிறார். அந்த ஓரகத்திக்கு எந்தப் பூதமும் கைவராது. ஒரு பள்ளியில் வருகைப் பதிவு எழுத்தர். யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பதை நேரம் போட்டு நினைவில் வைத்திருப்பார். அவர் முன்னால் வாய் திறக்க மண்ணே யோசிக்கும்.

விசிறியின் பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "அண்ணி, ஒரு சின்ன வேலை."

சின்ன வேலை என்பது அவர் வீட்டுக் கூடத்துச் சன்னல். ஏழு வருடத்துக்கு முன்னால் அது தெருப் பக்கம் இருந்தது. வெயில் அடிக்கிறது, முற்றத்துப் பக்கம் மாற்றித் தாருங்கள் என்றார். மண்ணக்கா சுவரில் கை வைத்துச் சொன்னார். மூன்றாம் நாள் சன்னல் போய்ச் சேர்வதற்குள் மழைக்காலம் தொடங்கிவிட்டது. முற்றத்துச் சாரல் உள்ளே வருகிறது, பழையபடி மாற்றுங்கள் என்றார். மாற்றினார். மூன்றாம் நாள் மழை நின்றிருந்தது. இப்படியாக ஏழு வருடத்தில் அந்தச் சன்னல் பதினோரு தடவை இடம் மாறிவிட்டது. ஊரில் எந்தக் குடும்பமும் இத்தனை தடவை வீடு மாறியிருக்காது. சன்னல் இருந்து போன இடமெல்லாம் சுவரில் ஒட்டுத்துணி போட்டது போல வெவ்வேறு நிறத்தில் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து பதினெட்டுக்கு விசிறி கூப்பிட்டு அனுப்பினார். மண்ணக்கா துவைத்துக்கொண்டிருந்த கையோடு போனார்.

"அண்ணி, ஒரு சின்ன வேலை."

"சொல்லு."

"சன்னலை மறுபடி தெருப் பக்கமே வெச்சிடலாம்னு பாக்குறேன்."

"போன மாசம்தானே தம்பி அங்க இருந்து இங்க கொண்டுவந்தேன்?"

"ஆமா அண்ணி. ஆனா இங்க வெச்சா காத்தே வரல."

"காத்துக்காரன் வீட்டுல காத்து வரலையா?"

"நான் விட்டா வரும். ஆனா காத்து விட்டா பேச முடியாதே அண்ணி!"

மண்ணக்கா "இரு, வர்றேன்" என்று தன் வீட்டுக்குப் போனார். இழுப்பறை திறக்கும் சத்தம் நடுச்சுவரைத் தாண்டிக் கேட்டது. ஓரகத்தி உடனே அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு முக்காலியை இழுத்து வசதியாகப் போட்டுக்கொண்டார். மண்ணக்காவின் வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே பின்னால் வந்து நின்றார்.

பத்து இருபதுக்கு ஆரம்பித்து இருபது நிமிடம் நடந்தது. சன்னலில் தொடங்கி, நாற்காலி வழியாக, ஏழு வருடத்தையும் தொட்டு, மாமனார் இந்த வீட்டைப் பச்சைச் செங்கல்லில் கட்டியது வரை போயிற்று. விசிறியும் சும்மா இருக்கவில்லை. அவரும் கூடவே இருபது நிமிடம் பேசினார். முடிந்ததும் ஓரகத்தி அடுப்பைப் பற்றவைக்கப் போனார், வீட்டுக்காரர் வாய் கொப்பளிக்கப் போனார், விசிறி இருமிக்கொண்டே தண்ணீர் குடிக்கப் போனார். மண்ணக்கா மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு, தன் பாதிக்குப் போய்க் கையுறையைக் கழற்றினார்.

வலது உள்ளங்கையில், சுண்டுவிரலுக்குக் கீழே, துவரம்பருப்பு அளவுக்குச் செம்மண் ஒட்டியிருந்தது.

கையுறையைத் திருப்பிப் பார்த்தார். அதே இடத்தில் அதே அளவில் ஓட்டை.

அந்த இருபது நிமிடத்துக்குள் எப்போதோ வெறும் தோல் சுவரில் பட்டிருக்கிறது. அந்த நேரத்தில் அவர் என்னவோ சொல்லியிருக்கிறார். சுவர் கேட்டிருக்கிறது. புதன்கிழமை காலை பத்து இருபதிலிருந்து பத்து நாற்பதுக்குள் அதைச் செய்யும். இப்போதே எதிர்க்கட்டளை போடலாம் என்றால் மணி பத்தே முக்காலாகிவிட்டது. வீடு விழுந்து முடிந்த பிறகு நிதானமாக 'விழாதே' என்ற உத்தரவு வந்து சேரும். போதாக்குறைக்கு, என்ன சொன்னோம் என்று தெரியாமல் எதிர்க்கட்டளை போட்ட ஒருவர் கதை பணிமனையில் பிரசித்தம். விழாத சுவரைப் பார்த்து 'எழுந்திரு' என்று சொல்லிவிட்டார். அவர் வீட்டில் இப்போதும் ஒரே வாசலுக்கு இரண்டு சுவர், இடையில் ஒரு சாண் இடைவெளி.

ஊர்ப் பாதையெல்லாம் போட்ட கை, இருக்கிற ஒரே வீட்டைத் தரைமட்டமாக்கப் போகிறதா என்பதுதான் கேள்வி. மண்ணக்கா நான்கு பேரையும் ஒரே இடத்தில் கூட்டினார். அவரையும் சேர்த்துத்தான் நான்கு.

"நான் என்னென்ன சொன்னேன்? ஒண்ணு விடாம சொல்லுங்க."

வீட்டுக்காரர் யோசித்தார். முகத்தைப் பார்த்தால் உண்மையாகவே யோசித்த மாதிரி இருந்தது. "ரொம்ப நல்லா பேசுன."

"என்ன பேசுனேங்க?"

"அது ஞாபகம் இல்ல. ஆனா நல்லா இருந்துச்சு."

விசிறியைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கல அண்ணி. நானும் பேசிக்கிட்டு இருந்தேன்ல?"

மிச்சம் ஓரகத்தி. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார். வீடு இடிந்தாலும் கிழியாத மாதிரி அட்டை போட்ட நோட்டு.

"பத்து இருபத்தொண்ணு. 'இந்தச் சன்னல் நாசமாப் போகட்டும்.' பத்து இருபத்தி நாலு. 'இந்த வீடு ரெண்டா பொளந்து போகட்டும், நான் நிம்மதியா இருப்பேன்.' பத்து இருபத்தஞ்சுல இருந்து இருபத்தொம்பது வரைக்கும் 'வாயை மூடு', மொத்தம் ஒம்போது தடவை. பத்து முப்பத்தொண்ணு. 'உன்னை மண்ணு முழுங்க.' அது இவருக்கு."

"எனக்கா?" என்றார் விசிறி.

"பின்னே எனக்கா? பத்து முப்பத்தி நாலு. 'இந்தக் குடும்பமே குழியில விழட்டும்.' பத்து முப்பத்தி ஏழு. 'இந்த வீட்டுல உருப்படியான ஆளு உன் பொண்டாட்டி ஒருத்திதான்.'"

"அதை நான் சொல்லவே இல்லையே."

"சொன்னீங்கக்கா. எழுதியிருக்கேன் பாருங்க."

மறுநாள் காலை மண்ணக்கா அந்த நோட்டோடு பணிமனைக்குப் போனார். மண்பிரிவுக்கு மேலதிகாரியாக ஒரு நெருப்புக்காரரைப் போட்டிருந்தார்கள். நெருப்பு வெப்பத்தை உண்டாக்குவதில்லை, பக்கத்தில் இருப்பதிடமிருந்து கடன் வாங்குகிறது. நெருப்புக்காரருக்கு மிகப் பக்கத்தில் இருப்பது நெருப்புக்காரர்தான். ஆகவே அந்த மனிதர் கோடையிலும் இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நடுங்குவார். எல்லாரும் அவரைக் கம்பளி என்றே சொல்வார்கள். அவருக்கும் மேலே ஓர் ஆகாயக்காரர் உண்டு. ஆகாயத்தைக் கையாள்வதற்கு அத்தாட்சி எதுவும் காட்ட வேண்டியதில்லை என்பதால், பெரிய பதவிகளில் இருப்பவர்கள் எல்லாரும் பெரும்பாலும் ஆகாயக்காரர்கள். அவருடைய நாற்காலி எப்போதும் காலியாக இருக்கும். அதுவே அவர் வேலை செய்கிறார் என்பதற்கு அடையாளம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

கம்பளி ஒரு படிவத்தை எடுத்தார். தவறிச் சொன்ன கட்டளைக்கான படிவம்.

"சொன்ன வாசகம்?"

"அதுதான் சார் தெரியல. இதுல ஆறு இருக்கு. ஒண்ணு எனக்குச் சந்தேகம்."

"எந்த வாசகம் சொல்லும்போது கை சுவத்துல இருந்துச்சு?"

"ஆத்திரத்துல கை எங்க இருந்துச்சுன்னு யாரு சார் பாத்தா?"

"வாசகம் தெரியலைன்னா படிவத்தை வாங்க முடியாதும்மா."

"வாசகம் தெரிஞ்சா நான் எதுக்கு சார் இங்க வர்றேன்?"

கம்பளி இதை ஒப்புக்கொண்டார். ஆனாலும் படிவத்தை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, நோட்டைப் படித்துப் பார்த்து, தனிப்பட்ட முறையில் என்று சொல்லி ஆலோசனை தந்தார். மண்ணால் முடிந்ததைத்தான் மண் செய்யும்: பிளக்கும், மூடும், இறங்கும், எழும்பும். நாசமாகப் போவது என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. ஆகவே முதல் வாசகத்தால் ஆபத்தில்லை. 'வாயை மூடு' என்பதுதான் கவலை. மண்ணுக்குத் தெரிந்த வாய் என்றால் வாசலும் சன்னலும் சாக்கடையும்தான். உள்ளே ஆள் இருக்கும்போது அவை மூடிக்கொண்டால் கல்லறையாகிவிடும். வீடு பிளப்பது, குடும்பம் குழியில் விழுவது இரண்டும் தெளிவாகவே இருக்கின்றன. ஆகவே சாமானையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு எல்லாரும் தெருவுக்கு வந்துவிட வேண்டும்.

"அப்புறம் உங்க கொழுந்தனாரு," என்றார் கம்பளி, கையைத் தேய்த்துக்கொண்டே. "புதன்கிழமை பத்து முப்பத்தொண்ணுக்கு அவரு கால் மண்ணுல படக் கூடாது. மரத்து மேல எங்கயாவது நிறுத்துங்க."

"நிறுத்தலாம் சார். பேசாம நிறுத்த முடியாது, அவ்வளவுதான்."

செவ்வாய்க்கிழமை இரண்டு குடும்பமும் சாமான் இறக்கியது. வீட்டுக்காரர் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஆள் கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டுப் போய், எதற்குப் போனோம் என்பதை மறந்து, அன்றைய பணியை முடித்துவிட்டுச் சாயங்காலம் வந்தார். ஓரகத்தி ஒவ்வொரு சாமானையும் நோட்டில் எழுதியபடி நின்றார். தூக்குவதற்கு அவருக்குக் கை ஒழியவில்லை. மண்ணக்காவும் விசிறியும்தான் தூக்கினார்கள். கட்டிலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறு முனையிலிருந்து விசிறி சொன்னார்:

"அண்ணி, எப்படியும் எல்லாம் வெளிய வந்தாச்சு. வீடு காலியா இருக்கு. அப்படியே வெள்ளையடிச்சிடலாமா?"

"நாளைக்கு வீடே இருக்குமான்னு தெரியல தம்பி."

"இருந்துச்சுன்னா?"

மண்ணக்கா கட்டிலைக் கீழே வைத்தார். இழுப்பறை ஏற்கெனவே அலமாரியோடு தெருவுக்குப் போய்விட்டதால் கையுறை எடுக்க முடியவில்லை. அதனால் எதுவும் சொல்லவில்லை. விசிறி வீட்டுக் காலியான கூடத்தில் தனியாகக் கொஞ்ச நேரம் நின்றார். பதினோரு சன்னல் இருந்த தடமும் பதினோரு நிறத்தில் அவரைப் பார்த்தது. ஒவ்வொன்றும் அவர் சொன்ன மாதிரியே, கோணாமல், விரிசல் விடாமல் அடைபட்டிருந்தது. இந்தச் சுவர் இதுவரை அவரிடம் ஒரு தடவைகூட 'அப்புறம் பாக்கலாம்' என்று சொன்னதில்லை. மூன்று நாள் கேட்கும், அவ்வளவுதான். நாளைக்கும் அப்படித்தான் செய்யப் போகிறது.

புதன்கிழமை பத்து மணிக்குத் தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. இரண்டு வீட்டுச் சாமானும் வெயிலில் நின்றன. நாற்காலிகளில் பக்கத்து வீட்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மண்ணக்கா நின்றார். கம்பளி அரசுப் பார்வையாளராக வந்திருந்தார்; அவர் பக்கத்தில் நின்றவர்கள் காரணம் தெரியாமல் குளிர்கிறது என்று தள்ளித் தள்ளிப் போனார்கள். விசிறியை ஒரு மரவண்டியின் மேல் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். உயரத்தில் நின்றதால் அவர் பேச்சு இன்னும் நான்கு வீடு தள்ளிக் கேட்டது.

ஓரகத்தி ஒரு கையில் நோட்டும் மறு கையில் கடிகாரமும் வைத்துக்கொண்டு, பள்ளியில் பெயர் கூப்பிடும் குரலில் வாசித்தார்.

"பத்து இருபத்தொண்ணு. சன்னல் நாசமாப் போகட்டும்."

சன்னல் அப்படியே இருந்தது.

"பத்து இருபத்தி நாலு. வீடு ரெண்டா பொளந்து போகட்டும்."

மண்ணக்கா கண்ணை மூடிக்கொண்டார். வீட்டுக்காரர் அவர் தோளில் கை வைத்தார். கூட்டம் மூச்சைப் பிடித்தது. ஒரு காகம் கூரையில் வந்து உட்கார்ந்து, எதுவும் நடக்காததைக் கவனித்துவிட்டுப் பறந்தது.

ஒன்பது 'வாயை மூடு'ம் ஒவ்வொன்றாகப் போயின. வாசல் வாசலாகவே இருந்தது. பத்து முப்பத்தொன்று நெருங்கியபோது வண்டி மேலே நின்ற விசிறி இரண்டு கையையும் கூப்பினார்.

"அண்ணி, இனிமே சன்னலைப் பத்திப் பேச மாட்டேன். சத்தியமா."

முப்பத்தொன்று வந்தது, போயிற்று. மண் யாரையும் விழுங்கவில்லை.

"ஆனா யோசிச்சுப் பாத்தா அண்ணி, தெருப் பக்கம் வெச்சா..."

குழியும் வரவில்லை. முப்பத்தேழாவது நிமிடத்துக்கு உரிய வாசகத்தை ஓரகத்தி மட்டும் சற்று உரக்க, இரண்டு தடவை வாசித்தார். பத்து நாற்பது ஆனதும் நோட்டை மூடினார். கூட்டத்துக்கு ஏமாற்றம். வீடு இடிவதைப் பார்க்கலாம் என்று வேலைக்கு விடுப்புப் போட்டு வந்த ஒருவர், "இதுக்குத்தானா?" என்று வெளிப்படையாகவே கேட்டார். கம்பளி 'பாதிப்பு ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். குளிரில் மை இறங்கவில்லை. உதறிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. யாரோ ஒரு பெரிய ஆள் தூக்கத்தில் பல்லைக் கடிப்பது போல, நிதானமாக, நீளமாக.

எல்லாரும் பின்வாங்கினார்கள். விசிறி வண்டியிலிருந்து குதித்து, மண்ணில் கால் பட்டதும் அலறி, மறுபடி ஏறினார். சத்தம் நின்றது. சுவர் நின்றது, கூரை நின்றது. மண்ணக்கா யாரையும் கேட்காமல் விறுவிறுவென்று உள்ளே போனார். மற்றவர்கள் அவர் பின்னால் போனார்கள்.

விசிறி வீட்டுக் கூடத்தில், நடுச்சுவரிலிருந்து, முழங்கால் உயரத்தில் ஓர் இருக்கை வெளியே வந்திருந்தது. ஓர் ஆள் உட்காரும் அகலம். விளிம்பு உருட்டி வழவழவென்று இருந்தது. முதுகு சாய்கிற இடத்தில் சுவர் கொஞ்சம் உள்ளே குழிந்து இடம் கொடுத்திருந்தது. வலிக்கிற முழங்காலுக்கு எந்த உயரம் வேண்டுமோ, மிகச் சரியாக அந்த உயரம்.

"இது என் நோட்டுலயே இல்லையேக்கா!" என்றார் ஓரகத்தி. அவருக்கு இது தனிப்பட்ட அவமானமாகத் தோன்றியது.

மண்ணக்கா அந்த இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ அப்ப அடுப்பப் பத்தவைக்கப் போயிட்ட," என்றார் மெல்ல. "எல்லாரும் போயிட்டீங்க. எனக்குக் கால் வலிச்சுது. சுவத்துல கைய ஊனிக்கிட்டு, 'உக்கார ஒரு இடம் குடுங்கப்பா'ன்னேன். யாருகிட்ட சொன்னேன்னே தெரியல."

"அப்ப அந்த இருபது நிமிஷமும்?" என்றார் கம்பளி.

"அண்ணி கை சுவத்துலயே படலையே சார்," என்றார் வாசலில் நின்ற விசிறி. வண்டியிலிருந்து இறங்கிப் பலகை ஒன்றைக் காலுக்கடியில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். "இருபது நிமிஷமும் ரெண்டு கையும் என் மூக்குக்கு முன்னாடிதானே ஆடிக்கிட்டு இருந்துச்சு. ஒரு தடவை மூக்குலயே பட்டுச்சு."

மண்ணக்கா மெதுவாக அவர் பக்கம் திரும்பினார்.

"இதை ஏன் தம்பி ஞாயித்துக்கிழமையே சொல்லல?"

"என்ன சொன்னேன்னுதானே அண்ணி கேட்டீங்க? கை எங்க இருந்துச்சுன்னு யாரும் கேக்கலையே."

இரண்டு வீட்டுச் சாமானும் தெருவில் காய்ந்துகொண்டிருந்தன. மண்ணக்காவின் முகத்தைப் பார்த்த கம்பளிக்கு வேலையில் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக உடம்பு கொஞ்சம் சூடாவது போல இருந்தது. அவர் அவசரமாக விடைபெற்றுக்கொண்டார்.

விசிறி பலகையோடு உள்ளே வந்து, இருக்கையைத் தட்டிப் பார்த்து, பலமாக இருக்கிறது என்று தெரிந்ததும் அதில் உட்கார்ந்தார். முதுகைச் சாய்த்தார். "பிரமாதம் அண்ணி," என்றார். "ஆனா இங்க வெச்சா காத்து..."

"எந்திரி."

எழுந்தார். மண்ணக்கா உட்கார்ந்தார். வீட்டுக்காரர் எங்கிருந்தோ கையுறையைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார். கொண்டுவரச் சொல்லாமலே கொண்டுவந்த முதல் பொருள் அது. மண்ணக்கா அதை வாங்கிப் பக்கத்தில் வைத்தார், மாட்டிக்கொள்ளவில்லை. வெறும் உள்ளங்கை இரண்டையும் இருக்கையின் மேல் இரண்டு பக்கமும் விரித்து அழுத்தி வைத்துக்கொண்டு, கொழுந்தனை நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லு தம்பி. என்ன சின்ன வேலை?"

விசிறி அந்தக் கைகளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மறுபடி கைகளைப் பார்த்தார். வாயை மூடினார். ஓரகத்தி நோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். வீட்டுக்காரர் சத்தமில்லாமல் தெருவுக்குப் போய், நாற்காலியில் குவிந்திருந்த தன் சீருடையை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

அன்றிலிருந்து மண்ணக்கா வேலை முடிந்து வந்ததும் கொழுந்தன் வீட்டுக் கூடத்துக்குப் போய், அந்த இருக்கையில் அரை மணி நேரம் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிறார். அது மண்ணில் பட்ட கை என்பதால் அந்த அரை மணி நேரமும் அவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவர் வாயைத் திறக்கும்படி ஏதாவது ஆகிவிடக் கூடாதே என்று மற்றவர்களும் பேசுவதில்லை. விசிறி எதிர்ச்சுவரோரம் நிற்பார். எப்படியும் பேச முடியாது, சும்மா நிற்கவும் முடியவில்லை. ஆகவே காற்று விடுவார்.

சன்னல் முற்றத்துப் பக்கமே இருக்கிறது. கூடத்தில் காற்று நன்றாக வருகிறது.